மஞ்சப்பையில் வந்த பாட்டில்

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணி இருக்கும். என் தங்கச்சி வீட்டுக்காரர் கையில் ஒரு மஞ்சப்பையோடு எங்கள் லேப் வாசலில் வந்து நின்றார். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி வரை அந்தப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறார். உள்ளே மூடியைச் சுற்றி பிளாஸ்டர் ஒட்டிய சின்ன பிளாஸ்டிக் பாட்டில். அதில் ஃபார்மலின். ஃபார்மலினுக்குள் மிதக்காமல் மூழ்காமல் நடுவில் நின்ற ஒரு துண்டு சதை. பிளாஸ்டரின் மேல் பேனாவால் என் தங்கச்சி பெயரும் வயதும், 'ஓமெண்டம் பயாப்ஸி' என்ற எழுத்தும்.

"மதினி, இதப் பாத்துச் சொல்லுங்க" என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை.

முந்தைய நாள்தான் தங்கச்சிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருந்தது. முதல் பிள்ளை சிசேரியன், அதனால் இதுவும் சிசேரியன். பெண் குழந்தை, 2 கிலோ 900. ராத்திரி போனில் பேசும்போது அத்தையும் அம்மாவும் மாறி மாறிப் பிள்ளையின் மூக்கைப் பற்றியே சொன்னார்கள். வயிற்றுக்குள் ஏதோ பார்த்தார்கள், ஒரு துண்டு எடுத்திருக்கிறார்கள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. லேப்பில் வேலை பார்ப்பவள் நான், என்னிடமே மறைத்திருக்கிறார்கள்! "நீ பயந்துருவியேன்னு" என்று அம்மா பிறகு சொன்னாள்.

நடந்தது இதுதான். குழந்தையை எடுத்து, கருப்பையைத் தைத்து முடித்த பிறகு, வயிற்றை மூடுமுன் டாக்டர் உள்ளே ஒரு பார்வை பார்த்திருக்கிறார். குடலுக்கு முன்னால் முந்தானை மாதிரித் தொங்கும் ஒரு கொழுப்புத் திரை உண்டு, அதுதான் ஓமெண்டம். அதன் மேல் நொய்யரிசியைத் தூவியது போல வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். கருப்பையின் பின்பக்கத்திலும் நாலைந்து. ஒரு துண்டு எடுத்து பயாப்ஸிக்குக் கொடுத்துவிட்டார். அது மிகச் சரியான வேலை. நம் ஊரில் வயிற்றுக்குள் வெள்ளைப் புள்ளியைப் பார்த்தால் முதலில் டிபியைத்தான் நினைக்க வேண்டும், அடுத்து புற்றுநோய் பரவலை. கண்ணால் பார்த்து இது இன்னதென்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் வெளியே வராந்தாவில் நின்றிருந்த என் தங்கச்சி வீட்டுக்காரரிடம் யாரோ ஒருவர் வந்து, "உள்ள புள்ளி புள்ளியா இருக்கு, டிபியா இருக்கலாம், வேற மாதிரியும் இருக்கலாம், பயாப்ஸி வந்தாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த 'வேற மாதிரி'யோடுதான் அந்த மனிதர் ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறார். மூன்றாவதாக ஒன்றும் உண்டு, கர்ப்பத்தாலேயே இப்படி வரும், தானாகவே போய்விடும் என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை. இந்தப் பதிவை நான் எழுதுவதே அந்த மூன்றாவதுக்காகத்தான்.

எனக்கு அது தெரியும். ஹிஸ்டோ பிரிவில் 14 வருஷமாக சதையை மெழுகில் பதித்து, சீவி, சாயம் போட்டுக் கொடுக்கிறவள் நான். சிசேரியனோடு சேர்த்துக் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்கிறவர்களின் கருக்குழாய்த் துண்டுகள் எங்களுக்கு வருவது உண்டு. நூலளவு குழாய்தான். அவற்றில் சிலவற்றின் உள்மடிப்பில், இருக்கக் கூடாத இடத்தில், ரோஸ் நிறத்தில் பெரிய பெரிய செல்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். முதன்முதலில் பார்த்தபோது பதறிப்போய், ஸ்லைடைப் பார்த்து ரிசல்ட் சொல்லும் நோயியல் டாக்டரான எங்கள் மேடத்தைக் கூப்பிட்டேன். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்த மாத்திரத்தில் மேடம், "டெசிடுவா. புள்ள உண்டாயிருந்த பொண்ணுல்ல, அதான்" என்றார்.

டெசிடுவா என்பது கருப்பைக்குள் இருக்க வேண்டிய பொருள். மாதாமாதம் கருப்பையின் உள்ளே ஒரு மெத்தை வளர்கிறது. கரு வந்து தங்கினால் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் பேச்சைக் கேட்டு அந்த மெத்தையின் ஒல்லிச் செல்களெல்லாம் ஊதிப் பெரிதாகி, உள்ளே கிளைகோஜன் சேர்த்து வைத்துக்கொண்டு, கருவைத் தாங்குகிற படுக்கையாக மாறுகின்றன. லத்தீனில் டெசிடுவா என்றால் உதிர்வது. பிரசவத்தோடு உதிர்ந்துவிடும், அதனால் அந்தப் பெயர்.

அந்த ஹார்மோன் கருப்பையோடு நின்றுவிடுவதில்லை. ஆரம்பத்தில் சினைப்பையிலிருந்தும், மூன்றாம் மாதத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்தும் வருகிற அது ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்க ஓடுகிறது. வயிற்றறையின் உட்புறம் முழுவதும் மெழுகிய தரை மாதிரி ஒரு சவ்வு உண்டு, பெரிடோனியம். கருப்பையும் அந்தச் சவ்வும் நாம் கருவாக இருந்தபோது ஒரே மூலப் படலத்திலிருந்து வந்தவை. ஒரே வீட்டில் பிறந்து வேறு வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன அக்கா தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சவ்வுக்கு அடியில் எந்த வேலைக்கும் இன்னும் போகாத சில செல்கள் உண்டு. ஹார்மோன் குரல் கொடுத்ததும் கருப்பைச் செல்கள் என்ன செய்கின்றனவோ அதையே இவையும் செய்துவிடுகின்றன. சினைப்பையின் மேல், கருக்குழாயில், கருப்பை வாயில், ஓமெண்டத்தில், சில சமயம் குடல்வால் மேல்கூட. நிறைமாதத்தில் சினைப்பையை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அநேகமாக எல்லாப் பெண்களுக்கும் கொஞ்சமாவது இருக்கும். பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அளவு. என் தங்கச்சிக்கு வந்த மாதிரி கண்ணுக்குத் தெரியும் அளவு வருவது அபூர்வம்.

இவ்வளவும் தெரிந்தும், அந்த பாட்டிலைக் கையில் வாங்கினபோது என் விரல் நடுங்கியது. தெரிந்திருப்பதால்தான் நடுங்கியது என்றும் சொல்லலாம். டெசிடுவாவாக இல்லாமல் போன துண்டுகளையும் நான் சீவியிருக்கிறேனே.

"நான் பண்றேன்க்கா, நீங்க வெளிய இருங்க" என்றான் கூட வேலை பார்க்கும் தம்பி. வேண்டாம் என்றேன்.

சாயங்காலம் மேடம் அந்தத் துண்டை வெளியே எடுத்து அளந்தார். ஒன்றரை சென்டிமீட்டர். மஞ்சள் கொழுப்பின் மேல் நாலு வெள்ளை முடிச்சு. கத்தியால் ஒரு முடிச்சைக் குறுக்கே வெட்டினார். உள்ளே வெண்ணெய் நிறத்தில் வழவழப்பாக இருந்தது. டிபி என்றால் சில நேரம் நடுவில் பாலாடைக்கட்டி மாதிரி உதிரும். இதில் உதிரவில்லை. மேடம் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கொழுப்புள்ள சதை எங்கள் வேலையில் சண்டிமாடு. அவசரப்பட்டால் காரியம் கெட்டுவிடும். ஃபார்மலின் நன்றாக ஊறியிருக்க வேண்டும், ஆல்கஹாலும் சைலீனும் முழுதாக இறங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெழுகு உள்ளே போகாது, சீவும்போது ஓட்டை ஓட்டையாகக் கிழியும். ராத்திரி முழுக்க மெஷினில் ஓடவிட்டு, சனிக்கிழமை காலையில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து, உருகிய மெழுகில் அந்தத் துண்டை முடிச்சுகள் கீழே பார்க்கும்படி வைத்து பிளாக் போட்டேன். பிளாக்கை ஐஸ் மேல் கவிழ்த்து வைத்தேன். மெழுகு இறுக வேண்டும்.

பிறகு மைக்ரோடோம். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் 4 மைக்ரான் கனத்தில் ஒரு சீவல் இறங்கும். ஒரு மில்லிமீட்டரை 250 பங்கு போட்டால் வருகிற கனம் அது. ஒன்றின் நுனியில் இன்னொன்று ஒட்டி ரிப்பன் மாதிரி நீண்டு வரும். முதல் ரிப்பன் கிழிந்தது. மறுபடி ஐஸில் வைத்தேன். இரண்டாவது ரிப்பனைப் பிரஷ் நுனியால் ஏந்தி வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டதும், சுருக்கமெல்லாம் தானாக விரிந்து, வெற்றிலையின் நரம்பு வெளிச்சத்தில் தெரிவது போல அந்த நாலு முடிச்சும் தெரிந்தன. கண்ணாடி ஸ்லைடைத் தண்ணீருக்குள் சாய்த்து நுழைத்து அதை ஏந்தி எடுத்தேன். என் தங்கச்சியின் உடம்பு அது. சின்ன வயதில் அவளுக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலையால் முதுகைத் தடவிக் கொடுத்தவள் நான்.

ஹீமடாக்சிலினில் உட்கருக்கள் நீலமாகும், ஈயோசினில் மற்றதெல்லாம் ரோஸாகும். ஸ்லைடு காய்ந்ததும் மேடத்திடம் கொண்டுபோவதற்கு முன்னால் நானே மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ரிசல்ட் சொல்வது என் வேலையில்லை, சொல்லவும் கூடாது. பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கோயில் பிரகாரத்தில் பாவிய கற்கள் மாதிரி இருந்தது. பல கோணங்கள் கொண்ட பெரிய ரோஸ் செல்கள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் தெளிவாக எல்லைக்கோடு. நடுவில் வெளிறிய உருண்டை உட்கரு, எல்லாம் ஒரே அளவில், அமைதியாக. ஒன்றுமே பிரிந்து பெருகிக்கொண்டிருக்கவில்லை. டிபியில் வரும் பூத உருச் செல் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரு ஓரத்தில், அஞ்சாறு செல்களில் மட்டும், உள்ளே குமிழி நிறைந்து உட்கரு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. முத்திரை மோதிரம் மாதிரி. அதைப் பார்த்ததும் எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. இரைப்பைப் புற்றுநோயில் அப்படித்தான் மோதிரச் செல்கள் வரும். அது ஓமெண்டத்துக்கும் சினைப்பைக்கும் பரவும், சின்ன வயதுப் பெண்களுக்கும் வரும்.

மேடம் அந்த ஸ்லைடை வெகு நேரம் பார்த்தார். டெசிடுவாச் செல்லிலும் இப்படிக் குமிழி வருவது உண்டு, இதைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு என்றார். "எனக்கு இது டெசிடுவாதான். ஆனா உன் தங்கச்சிங்கறதால இல்ல, யாரா இருந்தாலும் ஒரு கெரட்டின் போட்டுட்டுத்தான் எழுத்துல குடுப்பேன்." புற்றுச் செல்லாக இருந்தால் கெரட்டின் சோதனையில் பழுப்பு நிறம் ஏறும், டெசிடுவாவில் ஏறாது. அதற்கு இரண்டு நாள். அதற்குள்ளேயே மேடம் கோவில்பட்டி டாக்டருக்குத் தானே போன் போட்டு, பெரும்பாலும் கர்ப்பத்தால் வந்த மாற்றம்தான், பயப்படும்படி இல்லை, முழு ரிப்போர்ட் பின்னால் வரும் என்று சொன்னார். அதைச் சொல்லவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அந்த ஒரு போன்தான் எங்கள் குடும்பத்துக்குச் சோறு இறங்க வைத்தது.

அந்த இரண்டு நாளில் மேடம் எனக்கு ஒரு விஷயம் சொன்னார். 1954-இல் பெரு நாட்டைச் சேர்ந்த அரியாஸ் ஸ்டெல்லா என்ற நோயியல் டாக்டர், கர்ப்பிணிகளின் கருப்பைச் சுரப்பிகளில் சில செல்களின் உட்கரு பெருத்துக் கறுத்துக் கோணல்மாணலாகிப் புற்றுநோய் மாதிரியே தெரிவதையும், அது புற்றுநோய் அல்ல, கர்ப்பத்தின் விளைவு என்பதையும் எழுதினார். அந்த மாற்றத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். அதுவும் கருப்பையோடு நிற்பதில்லை, கருப்பை வாயிலும் கருக்குழாயிலும் வரும். அவர் பின்னால் பெருவின் வெளியுறவு அமைச்சராகவே ஆனாராம். "அமைச்சரானது பெரிசில்ல. அவர் எழுதினதப் படிச்சதால எத்தன பொண்ணுங்க கருப்பைய எடுக்காமத் தப்பிச்சிருப்பாங்கன்னு யோசி" என்றார் மேடம். நான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு போனேன்.

என் பிரசவம் நினைவுக்கு வந்தது. பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் இடது அக்குளில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி, தொட முடியாத வலி. அம்மா "நெறி கட்டியிருக்கு" என்று சொல்லி விளக்கெண்ணெய் தடவினாள். அப்போது நான் லேப்பில் சேரவில்லை, எனக்கும் ஒன்றும் தெரியாது. அக்குளிலிருந்து தொடைக்கவடு வரை கருவில் ஒரு பால்கோடு ஓடுகிறது, அது முழுக்க மறையாமல் சிலருக்கு அக்குளில் மார்புத் திசு தங்கிவிடுகிறது, பால் கட்டும்போது அதுவும் கட்டுகிறது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். நாலைந்து நாளில் வற்றிவிட்டது. தங்கச்சிக்கு இந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதம் முன்பல் ஈறில் சிவப்பாகக் கொத்தவரை விதை அளவு ஒரு சதை வளர்ந்து, பல் துலக்கும்போதெல்லாம் ரத்தம் வந்தது. அதுவும் இதே கதைதான், ஹார்மோனால் ஈறு பூரித்து ரத்தக்குழாய்கள் கொத்தாக வளர்வது. அநேகமாகப் பிரசவத்துக்குப் பிறகு சுருங்கிவிடும். தலைக்குள்ளே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிகூடக் கர்ப்பத்தில் பெருக்கிறது, பால் சுரக்க வைக்கும் செல்கள் அங்கே பெருகுவதால். இடுப்பின் முன் எலும்புகளைச் சேர்க்கும் மூட்டு தளர்ந்து இடைவெளி கூடுகிறது. நாம் 'வயிறு' என்று ஒன்றை மட்டும் பார்த்து அதைத் தடவிக்கொண்டிருக்கிறோம். மசக்கைக்குப் புளி எது, மாங்காய் எது என்று ஆயிரம் சொல்லித் தருகிறவர்கள் இதைச் சொல்லித் தருவதில்லை.

அதற்காக, எந்தக் கட்டியையும் கர்ப்பத்தின் கணக்கில் எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கச் சொல்லவில்லை. கர்ப்பமாக இருக்கும்போதும் மார்பில் புற்றுநோய் வரும், "பால்கட்டு" என்று சொல்லிச் சொல்லியே நாள் கடத்திய பெண்களின் பிளாக்குகளும் எங்கள் அலமாரியில் இருக்கின்றன. மார்பில் கட்டி, நிறமோ வடிவமோ மாறும் மச்சம், நிற்காத ரத்தம், எதுவானாலும் காட்டத்தான் வேண்டும். துண்டு எடுத்தால் அது லேப்புக்குப் போயே ஆக வேண்டும். நான் கேட்பதெல்லாம், அந்த பாட்டிலை ஒரு மனிதன் கையில் கொடுத்து அனுப்பும்போது, சாதாரணமாகவும் இருக்கலாம் என்ற அந்த ஒரு வரியையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புங்கள் என்பதுதான். அது பொய் ஆறுதல் இல்லை, பாடப் புத்தகத்தில் இருக்கிற உண்மை.

செவ்வாய்க்கிழமை கெரட்டின் ஸ்லைடு வந்தது. கூடவே வைத்த ஒப்பீட்டுச் சதையில் பழுப்பு நன்றாக ஏறியிருந்தது, தங்கச்சியின் செல்களில் துளிகூட ஏறவில்லை. மோதிரம் மாதிரி இருந்த அந்த அஞ்சாறிலும் இல்லை. மேடம் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டை நானே போட்டோ எடுத்து அனுப்பினேன். பதிலுக்குத் தங்கச்சி வீட்டுக்காரர் போன் போட்டார், கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "மதினி, பிள்ளைய இன்னிக்குத்தான் நான் சரியாப் பாக்கேன்" என்றார்.

தங்கச்சிக்கு அதன் பிறகுதான் எல்லாம் சொன்னார்கள். அவளுக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருந்தது. "எல்லாரும் பிள்ள மூஞ்சியப் பாத்தாங்க, என் மூஞ்சிய யாரும் பாக்கல. அப்பவே நெனச்சேன்" என்றாள்.

இரண்டு மாதம் கழித்துத் திருநெல்வேலிக்கு வந்தவள், அதைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். லேப்புக்குள் ஃபார்மலின் நெடி, பிள்ளையைக் கொண்டுவரக் கூடாது என்று அம்மாவை வெளியே வேப்பமரத்தடியில் பிள்ளையோடு உட்காரவைத்துவிட்டு வந்தோம். மேடத்திடம் கேட்டுக்கொண்டு ஸ்லைடை எடுத்து வைத்து, ஃபோகஸ் செய்து கொடுத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். இரண்டு கண்ணாலும் பார்க்கலாம் என்றேன்.

"அழகாத்தான் இருக்கு" என்றாள். "இப்ப இது எனக்குள்ள இருக்கா அக்கா?"

"இருக்காது. ஆறு வாரத்துக்குள்ள வத்திப் போயிரும். நஞ்சுக்கொடி போனதும் ஹார்மோன் இறங்கிருதுல்லா."

"அப்ப இந்தக் கண்ணாடியில இருக்கிறது மட்டுந்தான் மிச்சமா?"

ஆமாம் என்றேன். அவள் மறுபடி குனிந்து பார்த்தாள். வெளியே பிள்ளை சிணுங்கும் சத்தம் கேட்டதும், கையைக் கழுவணுமா என்று கேட்டு, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு, பால் கொடுக்க ஓடினாள்.